இரண்டு பேருக்கான கூடாரம்

என் சகலனை நினைத்தால், அவர் இரண்டாவது மெத்தையை ஊதிக்கொண்டிருக்கிற காட்சிதான் முதலில் வரும். கோமாரிக்கு அங்கால், களப்புத் தண்ணீரும் கடலும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கிற ஒரு மணல் திட்டு. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, முழங்கால் மணலில் பதிய இருந்துகொண்டு, கன்னம் இரண்டும் புடைக்க, கழுத்து நரம்பு தெரிய ஊதுவார். சுருட்டி வைத்தால் அந்த மெத்தை ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் அளவுதான். ஊதினால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். முதலாவது மெத்தை அவருக்கு. இரண்டாவதில் படுக்க ஆள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஊதுவார். ஊதி, தன்னுடையதற்குப் பக்கத்தில் விரித்து, தலைமாட்டில் ஒரு காற்றுத் தலையணையை வைத்து, காலடியில் மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றை மடித்துப் போட்டு, கூடாரத்தின் சிப்பை இழுத்து மூடிவிட்டுத்தான் தேத்தண்ணி வைக்க வருவார். நான் எட்ட, கயிற்றில் தொங்கவிட்ட என் படங்குச் சீலைக்குப் பக்கத்தில் நின்று, யானை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

"சும்மா கிடக்கிற மெத்ததானே சகலன், நான் படுக்கட்டா?" என்று முதல் தடவை கேட்டேன்.

"நீங்க உங்கட படங்குக்குள்ள கிடங்க. அது ஊட்டுக்காரிக்கு" என்றார்.

வீட்டுக்காரி என்றது என் மதினியை. என் மனைவியின் ராத்தா, அதாவது அக்கா. அவர் அந்த நேரம் கல்முனையில், தன் கடைசி மகளின் வீட்டில், பேரப்பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்திருப்பார். கூடாரம் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிற மனுசி. அவரை ஒரே ஒரு இரவு அந்தக் கூடாரத்துக்குள் தங்க வைக்க வேண்டும் என்பதுதான் சகலனின் ஆசை. கடைசி வருடங்களில் அவர் வாங்கியதும் தைத்ததும் வெட்டியதும் சுமந்ததும் எல்லாம் அதற்காகத்தான். மனிதர்கள் மக்காவுக்குப் போக ஆசைப்படுவார்கள், மகனை டொக்டராக்க ஆசைப்படுவார்கள். இந்த மனிதர் தன் சொந்த மனைவியோடு மணலில் படுக்க ஆசைப்பட்டார். நான் இதை வைத்து அவரைப் பண்ணாத பகிடி இல்லை.

ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பகிடி பண்ண வராது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டோடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். புதிதாக ஒன்று கட்ட வழியில்லாவிட்டால், பெற்றவர்கள் தாங்கள் இருக்கிற வீட்டையே மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் தகட்டுக் கூரையில் ஒரு பத்தியை இறக்கி அதற்குள் போய்விடுவார்கள். யாரும் யாரையும் விரட்டுவதில்லை. யாரும் அழுவதுமில்லை. கலியாண வாரத்தில் கட்டில் ஒரு பக்கம் போகும், அலுமாரி ஒரு பக்கம் போகும், தகப்பனும் தாயும் ஒரு பக்கம் போவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து நிறம் எப்படி, டைல்ஸ் எப்படி என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

சகலனுக்கு மூன்றும் பெண். அவர் சவூதியில் லொறி ஓடினார். எங்கள் ஒழுங்கையில், என் வீட்டுக்கு அடுத்து வரிசையாக நிற்கிற மூன்று வீடும் அவர் எழுப்பியவை. மதில் மதிலோடு முட்டிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மூன்று வீட்டிலும் தும்முவார்கள். அந்த மூன்றில் ஒன்றிலாவது அவர் ஒரு நோன்பு மாதத்தை முழுதாகக் கழித்ததில்லை. லீவில் வருவார், சுவருக்குத் தண்ணீர் அடிப்பார், போய்விடுவார். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்த வருடம் கடைசி மகளுக்குக் கலியாணம். அதோடு கடைசி வீடும் போயிற்று. மகளும் மருமகனும் நல்ல பிள்ளைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடம் இருந்தால்தானே? மதினி பின்பத்தியில், அரிசி மூட்டைக்கும் பிள்ளையின் சைக்கிளுக்கும் நடுவில், பேரப்பிள்ளைகளை அணைத்துக்கொண்டு படுப்பார். சகலன் முன் ஹோலில், செற்றிக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொள்வார். வாழ்நாள் முழுக்க ஒரு கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்த புருசனும் பெண்சாதியும், இப்போது ஒரு குசினிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்தார்கள்.

ஊருக்கு வந்த பிறகு அவர் வேன் ஓடினார். அறுகம்பேக்கு வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கும் வேலை. அதில் ஒரு தம்பதி. இளசுகள் இல்லை, நம் வயதுக்காரர்கள். ஹோட்டலில் தங்காமல் கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கினார்களாம். காலையில் ஏற்றப் போனால் இரண்டு பேரும் அந்தச் சின்னக் கூடாரத்துக்குள்ளிருந்து தலைமுடி கலைந்து, எதற்கோ சிரித்துக்கொண்டே வெளியே வருவார்களாம். ஊர் திரும்புகிற அன்று, பெட்டியில் இடமில்லை என்று அந்தக் கூடாரத்தை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று பின்னேரம் என் பாமசிக்கு வந்து, கவுண்டருக்கு மேல், பனடோல் பெட்டிகளுக்கு நடுவில் அதை வைத்தார். ஒரு பூசணிக்காய் அளவுகூட இல்லை.

"தூக்கிப் பாருங்க" என்றார்.

தூக்கினேன். "என்னகா இது, ஒரு பாரமும் இல்ல?"

"ஊடு" என்றார். "ரெண்டு பேருக்கு. ஒருத்தர்ட பேருக்கும் எழுதத் தேவல்ல."

அதற்குப் பிறகு அந்த மனிதருக்குப் பாரம் குறைக்கிற பைத்தியம் பிடித்துவிட்டது. நெஞ்சு அவ்வளவு நல்ல நிலையில் இல்லை. வேனை நிறுத்துகிற இடத்திலிருந்து திட்டுக்கு மணலில் நீண்ட தூரம் நடக்க வேண்டும். அதனால் முதுகில் ஏறுகிற ஒவ்வொன்றும் கணக்கு. மீன்காரர்கள் வைத்திருக்கிற கொழுக்கித் தராசு ஒன்றை வாங்கி வந்து, சாமான்களை ஒவ்வொன்றாகக் கொழுவிப் பார்ப்பார். கரண்டியின் கைப்பிடியைப் பாதியில் வெட்டினார். துவாயை வீட்டில் விட்டார். அந்த வேலையைச் சாரன் பார்க்கும். சாரன் துவாய், சாரன் போர்வை, சாரன் மறைப்பு, சாரனைச் சுருட்டினால் மூட்டை கட்டக் கயிறு. வெள்ளைக்காரர்கள் பாரம் குறைய வேண்டும் என்று பல்துலக்கும் பிரஷை வெட்டிக் கொண்டுபோகிறார்களாம். அதை அறிந்து, தன் மிஸ்வாக் குச்சியைக் காட்டி, "நம்மட ஆக்கள் எப்பயோ வெட்டிட்டாங்க" என்று சிரித்தார். தொழுகைக்கு வுளுச் செய்யத் தண்ணீருக்கு மடித்து வைக்கிற பை. உள்ளங்கை அளவு காஸ் அடுப்பு. சீனி கலந்து வைத்த தேயிலைத் தூள், பேரீச்சம்பழம், வாழையிலையில் கட்டிய சோறும் மாசிச் சம்பலும். இவ்வளவுதான் அவருடைய குடித்தனம்.

நான் எதிர்ப்பக்கம். பாமசிக்காரன் காட்டுக்குப் போனால் பாமசியும் கூடவே போக வேண்டும் என்பது என் கொள்கை. பாம்புக்கு ஒன்று, பூரானுக்கு ஒன்று, வயிற்றோட்டத்துக்கு ஒன்று, வயிற்றோட்டம் நின்றுவிட்டால் அதற்கு ஒன்று. பிரஷர் பார்க்கிற மெசினையும் கொண்டுபோனேன். நரி ஊளையிட்டதும் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்தேன். மெசின் காட்டிய இலக்கத்தைப் பார்த்துப் பயந்ததில் அது இன்னும் ஏறிற்று. சகலன் மெசினைப் பிடுங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "நரிக்குப் பாருங்க சகலன், உங்களக் கண்டதில அதுக்குத்தான் ஏறியிரிக்கும்."

படங்குக்குள் கிடந்து அலுத்துப்போய், நானும் ஒரு மலிவுக் கூடாரம் வாங்கினேன். தூக்கி எறிந்தால் தானே விரிகிற சாதி. முளை அடித்து மணலில் இறுக்க வேண்டும் என்று சகலன் சொன்னார். நான் அடிக்கவில்லை; அவசரத்துக்கு ஓடுவதென்றால் முளை தடக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாள் வெள்ளாப்பில், சுபஹுக்கு முன்னால், என் தலைக்குப் பக்கத்தில் சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ பெரிதாக மூச்சு விட்டார்கள். வெளிச்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. சீலையில் ஒரு நிழல். பெரிய நிழல். மூச்சு என் காதில் பட்டது. கலிமாவைச் சொன்னேன், பாதியில் மறந்துபோயிற்று. எழும்பினேன். சிப் எங்கே என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே. கூடாரத்தோடு ஓடினேன். என்னைச் சுற்றிக் கூடாரமும் ஓடியது. எந்தப் பக்கம் ஓடுவதென்று முதல் நாள் பின்னேரம் முழுக்க யோசித்து வைத்தவன், சரியாகக் களப்புக்குள் போய் விழுந்தேன். தண்ணீர் முழங்கால் அளவுதான். நான் மூழ்கிப்போகிறேன் என்று கத்தினேன்.

சிப்பைத் திறந்து என்னை வெளியே இழுத்தவர் சகலன். வுளுச் செய்த கை ஈரத்தோடு நின்றார். திட்டில் ஒரு எருமை, என் துவாயை உப்புக்காக நக்கிக்கொண்டு, எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் நக்கியது.

"பாவம் அது" என்றார் சகலன். "காலு முளைச்ச டென்ட அது எங்க கண்டிரிக்கப் போகுது?"

இந்தக் கதையை நான் மதினியிடம் சொன்ன அன்று அவர் சிரித்தார். குசினி வாசலில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும். சகலன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, நான் அந்த வீட்டுக்குப் போகிற போதெல்லாம், "சகலன், அந்த எருமக் கதய இன்னொருக்காச் சொல்லுங்க" என்பார். நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். எருமை யானையாகி, தண்ணீர் கழுத்தளவாகி, கடைசியில் முதலையும் வந்து சேர்ந்தது. என்னைக் கோமாளியாக்கி அவருக்கு என்ன லாபம் என்று வெகு நாளாக எனக்கு விளங்கவில்லை. கூடாரத்தைப் பற்றி மதினி சிரித்த ஒரே கதை அதுதான். சகலன் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்தார்.

மதினிக்குக் கூடாரம் ஏன் பிடிக்காது என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கடல் ஊருக்குள் வந்த அந்த வருடம், கரையோடு இருந்த அவர்களின் முதல் வீடு அடியோடு போயிற்று. சகலன் சவூதியில். மதினி மூன்று சின்னப் பெண்களோடு பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு நிவாரணக் கூடாரத்தில் மாதக்கணக்காக இருந்தார். எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி அழைத்தோம். முகாமை விட்டுப் போனால் வீடு கிடைக்கிறவர்களின் பதிவில் பெயர் விடுபட்டுப்போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அசையவில்லை. பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. வாசல் சீலை மூடாது. கையால் பிடித்துக்கொண்டுதான் உடுப்பு மாற்ற வேண்டும். ஒதுங்கப் போவதற்கு இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். மழை பெய்தால் பிள்ளைகளை நிற்க வைத்தே விடிய வைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் சகலனுக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து, வீடு வந்து, மகளுக்கும் கொடுத்த பிறகு, ஒரு நாள் ஒரே வசனத்தில் சொன்னார்: "இந்த ஹயாத்தில இனி டென்டுக்குள்ள குனிஞ்சு போறதில்ல எண்டு நிய்யத்து வெச்சிட்டன்."

சகலன் வாதாடவில்லை. மகள்மாரிடம் கேட்டறிந்து, மதினி அன்று பட்ட ஒவ்வொரு குறைக்கும் ஒரு சாமான் தேடினார். வெக்கைக்கு, நாலு பக்கமும் வலை வைத்த உள் கூடாரம். மூடாத வாசலுக்கு, இரண்டு பக்கமும் திறக்கிற சிப். அதற்கு மெழுகு தடவி இழுத்து இழுத்துப் பார்ப்பார். மழைக்கு, மேலே போடுகிற சீலையின் தையல் முழுக்கப் பசை பூசினார். குளிக்க, ஒதுங்க, மானத்தை மறைக்க, பழைய குடைச் சீலைகளைச் சேர்த்துத் தையற்காரரிடம் கொடுத்து ஆள் உயரத்துக்கு ஒரு மறைப்புத் தைப்பித்தார். மடித்தால் சட்டைப் பைக்குள் போகும். வலைக்கு மேலே உள்ளே தெரியாதபடி சாரனைக் கொழுவச் சின்ன வளையங்கள். நான் எருமைக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த அந்த மணல் திட்டில், அவர் ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டை அடித்து, அதில் தன் மனைவியின் ஒரு குறை தீர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். உயரத்துக்கு மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. "எழும்பி நிண்டு போறாப்போல டென்ட் இரிக்கி சகலன்" என்றார் ஒரு நாள். "ஆனா அதச் சுமக்க ஒட்டகம் வேணும்."

நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்து, திரும்பி வந்தார். வேனை விற்றார்கள். பாரம் தூக்கக் கூடாது, தனியாக எங்கும் போகக் கூடாது என்று டொக்டர் சொன்னார்.

"தனியப் போறல்லயே, நான் கூடப் போறன்தானே மதினி" என்றேன்.

"நீங்க போறதும் அவர் தனியப் போறதும் ஒண்டுதான்" என்றார் மதினி. "யானை வந்தா முதல்ல ஓடுற ஆள் நீங்க. மறுகா உங்களத் தேடி அவர் ஓடணும்."

வெட்டு முடிந்து வயல்கள் காய்ந்து கிடந்த காலம். ஒரு நாள் சகலன் ஒன்றும் கேட்கவில்லை, முன் ஹோலில் இருந்துகொண்டு சும்மா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதினி குசினிக்குள்ளிருந்தே சொன்னார்: "சரி, ஒரு நாளைக்கு வாறன். உள்ளுக்கு வருவன் எண்டு சொல்லல்ல. வந்து பாக்கன்."

என் காரில் நான்கு பேரும் போனோம். நானும் என் மனைவியும் முன்னால். அவர்கள் இரண்டு பேரும் பின்னால், நடுவில் சோற்றுப் பார்சல். திருக்கோவில் தாண்டுமட்டும் சகலன் ஜன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார். கலியாணம் பேசப் போகிற மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்திருந்தார் என்று என் மனைவிக்குக் காதுக்குள் சொல்லி, ஒரு கிள்ளு வாங்கினேன்.

திட்டில் மதினி தனியாக நடந்துபோய் அந்தக் குடைச் சீலை மறைப்பைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே போனார், வந்தார். அஸர் தொழுதார்கள். சகலன் மெத்தைகளை ஊதத் தொடங்கினார். இந்த நெஞ்சோடு ஊதக் கூடாது, கொடுங்கள் நான் ஊதுகிறேன் என்று பாமசிக்காரன் தன் அறிவையெல்லாம் காட்டினேன். கேட்கவில்லை. ஒரு மூச்சு ஊதுவார், இருப்பார், கடலைப் பார்ப்பார், அடுத்த மூச்சு. மதினி மணலில் பாய் போட்டு இருந்துகொண்டு அதையே பார்த்தார். அன்று அவர் நிறையக் கதைத்தார். மூத்தவள் பிறந்த நேரத்துக் கதைகள். சகலனுக்குத் தெரியாத கதைகள் பல. தெரியாதுதானே, அவர் அங்கே லொறியில் இருந்தார். களப்பில் கொக்குகள் இறங்கின. சகலன் தேத்தண்ணி வைத்து, முதல் கோப்பையை அவர் கையில் கொடுத்தார். எனக்கு அந்த மணல் திட்டில் ஒரே ஒரு பின்னேரம் பயம் வரவில்லை. அது அன்றுதான்.

வெளிச்சம் இறங்குகிற நேரம் மதினி எழுந்து கூடாரத்தடிக்குப் போனார். குனியவில்லை. பக்கத்தில் முழங்காலில் இருந்து, திறந்திருந்த வாசலால் கையை மட்டும் நீட்டி, இரண்டாவது மெத்தையை அமத்திப் பார்த்தார்.

"மெத்தெண்டு இரிக்கி" என்றார்.

"உனக்குத்தான்" என்றார் சகலன்.

கை உள்ளேயே இருந்தது. அப்போதுதான் போன் அடித்தது. கடைசி மகள். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுகிறது, உம்மம்மா எங்கே என்று அழுகிறான். மதினி கையை எடுத்தார். ஒருவரும் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. போவோமா என்று கேட்டவரும் சகலன்தான். அவர் மெத்தைக்கு மேல் குப்புறப் படுத்து, காற்று போகப் போகக் கூடவே இறங்கி, மெதுவாகச் சுருட்டினார். பகிடி ஒன்று சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வாயை மூடிக்கொண்டு தலையணைகளின் காற்றைத் திறந்துவிட்டேன். அவர்தான் என்னைத் தேற்றினார்.

"காத்துத்தானே சகலன். இன்னொரு நாளைக்கு ஊதினாப் போச்சு."

இன்னொரு நாள் வரவில்லை. நோன்புக்குக் கொஞ்ச நாள் இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை காலை, முன் ஹோலில், அந்தப் பாயிலேயே மௌத்தாகிவிட்டார். கடைசி மகள் அலறிய சத்தத்துக்கு நான் சாரனோடு மதிலேறிக் குதித்தேன். மருந்துப் பெட்டி முழுக்கக் கையில் இருந்தது, எதையும் திறக்கவில்லை. அந்த ஒழுங்கையில் அவர் கட்டிய மூன்று வாசலிலும் மூன்று மகள்மாரும் நின்று, வாப்பாவை எங்கட வீட்டுக்குக் கொண்டு வாங்க, எங்கட வீட்டிலிருந்து எடுங்க என்று அழுதார்கள். அன்பில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஹோல் பெரியது என்று மூத்தவளின் வீட்டில் வைத்தோம். ஜும்ஆவுக்குப் பிறகு தொழுது அடக்கினோம். அவரைத் தூக்குகையில் அவ்வளவு பாரம் இருக்கவில்லை. அவர் தன்னையும் குறைத்துக்கொண்டுதான் போயிருந்தார்.

அன்று பின்னேரமே இத்தாப் பேச்சு வந்தது. புருசன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் பார்வையில் படாமல், வெளியே போகாமல், ஒதுங்கியிருக்க வேண்டும். அது, கடைசியாகப் புருசனோடு இருந்த வீட்டில். பள்ளிவாசல் மௌலவி வாசலில் நின்று இதைச் சொல்லிவிட்டுப் போனார். அது கடைசி மகளின் வீடு; ஆனால் மதினிக்கு அதில் அறை எங்கே? பின்பத்திக்குக் கதவில்லை. மருமகனின் தம்பிமார் வருவார்கள், காஸ் கொண்டு வருகிற ஆள் வருவான், குசினிக்குப் போகிற எல்லோரும் அதால்தான் போக வேண்டும். மருமகன் உடனே, "மாமி எங்கட அறைய எடுக்கட்டும், நாங்க பத்தில படுக்கம்" என்றார். மூத்தவள் தன் வீட்டின் அறையைத் தருகிறேன் என்றாள். நடுவிலாள் தன் வீட்டு மேல்மாடி முழுக்க என்றாள். மகள்மாரை மதினி கட்டிக்கொண்டாராம். பிறகு, "மூண்டும் உங்கட ஊடு. நல்லா இரிங்க, பரக்கத்தா இரிங்க" என்றாராம்.

இதெல்லாம் எனக்கு என் மனைவி வந்து சொன்னது. இத்தா முடியும்வரை நான் மதினியைப் பார்க்கக் கூடாது, கதைக்கவும் கூடாது. நானும் அந்நிய ஆண்தான். மனைவி எங்கள் குசினி வாசலில் நின்றாள்.

"ராத்தா உங்களிட்ட ஒண்டு சொல்லச் சொன்னா. அவர்ட ஊட்டக் கொண்டந்து பத்திக்குள்ள அடிக்கட்டாம்."

"எந்த ஊடு?"

"அதான்கா. பேக்குக்குள்ள கிடக்கிற ஊடு."

அந்தக் கூடாரத்தை நான் என் கையால் ஒரு தடவையும் அடித்ததில்லை. எல்லாம் அவர் அடிப்பார், நான் யானை பார்ப்பேன். மதினியை மூத்தவளின் வீட்டுக்கு மாற்றிவிட்டு, வாசலில் மகள்மாரைக் காவலுக்கு வைத்துவிட்டு, என்னைப் பத்திக்குள் விட்டார்கள். அரிசி மூட்டைகளைச் சுவரோடு தள்ளினேன். சைக்கிளை எடுத்து வெளியே வைத்தேன். கம்பிகளைக் கோத்தால் அது முளை இல்லாமல் சீமேந்துத் தரையிலும் நிற்கும், நல்ல காலம். முதல் தடவை தலைகீழாக அடித்தேன். இரண்டாவது தடவை கம்பி தெறித்து என் மூக்கில் பட்டது. மூன்றாவது தடவை அது எழும்பி நின்றது. கூரைத் தகட்டுக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில், அந்தக் கருத்த பத்திக்குள் விளக்கு ஏற்றியதுபோல. வளையங்களில் சாரன்களைக் கொழுவினேன். சிப்பை இழுத்துப் பார்த்தேன். மெழுகு இன்னும் இருந்தது, வழுக்கிக்கொண்டு போனது.

வாசலுக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி சொன்னாள்: "ரெண்டு மெத்தையும் ஊதட்டாம்."

இருந்து ஊதினேன். ஒன்று முடிய உலகம் சுற்றியது, அரிசி மூட்டையில் சாய்ந்தேன். இவ்வளவு மூச்சு எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. பாரமில்லாத சாமான் என்று நான் இவ்வளவு நாளும் அதைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மெத்தைக்கு ஒரு மூச்சு ஊதினேன், இருந்தேன், பார்க்கக் கடல் இல்லை, சுவரைப் பார்த்தேன், அடுத்த மூச்சை ஊதினேன். தலையணை இரண்டையும் வைத்தேன். பின்பக்கத்தால் வெளியே வந்து, என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மதினியைக் கூட்டி வருகிற சத்தம் ஒழுங்கையில் கேட்டது. பிறகு எங்கள் குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் சிப் இழுபடுகிற சத்தம். திறந்தது. நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூடியது.

அதற்கு மேல் எனக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மதிலுக்கு மேலால் வருகிற செய்திதான். முதல் கிழமை நல்ல செய்தி ஒன்றும் வரவில்லை. மதினி சாப்பிடுகிறார் இல்லை, கதைக்கிறார் இல்லை, உள்ளேயே ஓதிக்கொண்டிருக்கிறார் என்று என் மனைவி சொல்வாள். இரண்டாம் கிழமை, ஒரு மூலை தொய்கிறதாம் என்று வந்தது. நான் போக முடியாது. மதிலில் ஏறி நின்று, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, எந்தக் கயிறை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று மனைவிக்குக் கத்தினேன். அவள் மாறி இழுத்தாள். உள்ளேயிருந்து யாரோ சீலையைத் தட்டி, அந்தக் கயிறில்லை மற்றக் கயிறு என்று காட்டினார்களாம். அடுத்து, தலைமாட்டை ஜன்னல் பக்கம் திருப்ப வேண்டும். அடுத்து, பேரப்பிள்ளைகள் உள்ளே வந்து குதிக்கிறார்கள், வாசலில் ஒரு சின்னக் கால்மிதி வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் என் மனைவி ராத்தாவுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். போன கையோடு கோப்பையோடு திரும்பி வந்துவிட்டாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. நான் பயந்துபோனேன், வழக்கம்போல. மருந்துப் பெட்டிக்குக் கை போய்விட்டது.

"என்ன, என்ன நடந்த? நெஞ்சு கிஞ்சு நோகுதாமா?"

"ஒண்டுமில்ல" என்றாள். "என்ட ஊட்டுக்குள்ள காலக் கழுவாம வராத எண்டு ஏசிப்போட்டா."

கஞ்சிக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு, குழாயடிக்குப் போய், சாரியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் குதி வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். பிறகு கோப்பையை வாங்கிக்கொண்டு, ஈரக் காலோடு ராத்தாவின் வீட்டுக்குப் போனாள்.